ஒரே கணக்கில் இரண்டு பேர்

அண்ணன் வளைகுடாவில், நான் மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில். இருவருக்கும் விளையாட்டுக் கணக்கு ஒன்றுதான். நாங்கள் ஆடிய கோட்டைச் சண்டை விளையாட்டு அந்த நாட்டு இணையக் கடையில் யானை விலை. இங்கே வாங்கிப் பரிசாக அனுப்பலாம் என்றால், அந்த நாட்டுக்குச் செல்லாது என்று கடை கையை விரித்தது. சரி போ என்று என் கடவுச்சொல்லையே கொடுத்தேன். அங்கே பிடித்தது சனி.

ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஆடலாமாம். அவர் அங்கே திறந்தால், ‘கணக்கு வேறொரு கணினியில் பயன்பாட்டில் உள்ளது’ என்று என்னை வெளியே தள்ளிவிடும். கட்டம் முடியாமல் சேமிக்கவும் வழியில்லை. எந்தப் புண்ணியவான் செய்து வைத்த ஏற்பாடோ! ஒன்றரை மணி நேரம் உயிரைக் கொடுத்து ஆடியது அத்தனையும் போச்சு. வீடே அதிரக் கத்துவேன். அந்தக் கத்தலுக்காகத்தான் அண்ணி காத்திருப்பார்.

வியாழன் இரவு வேலை முடிந்து, வெள்ளி காலை நம் ஊர் நேரப்படி ஒன்பது மணி போல அண்ணன் அறைக்கு வருவார். தனி அறை. ஆடிவிட்டுத்தான் தூங்குவார். ஹெட்போனை மாட்டிவிட்டால் போனை எடுக்க மாட்டார். “தம்பி கத்துனா நான் வந்துட்டேன்னு அர்த்தம். தனியா போன் எதுக்கு?” என்று அண்ணியிடம் சிரிப்பார். அந்த வாரம் சிரிப்பு இல்லை. நெஞ்சைப் பிசைகிற மாதிரி இருக்கிறது, வெக்கைதான் என்றார். டாக்டரிடம் போகச் சொல்லி அண்ணி அழுதேவிட்டார். சனிக்கிழமை போகிறேன் என்றார்.

வெள்ளிக்கிழமை எங்கள் வயலில் நடவு. ஆட்களுக்கு டீ கொண்டுபோகத் தூக்குவாளியோடு கிளம்பிய அண்ணி, என் அறை வாசலில் நின்றார்.

“தம்பி, பத்து மணிக்குள்ள அவரு வரலைன்னா சொல்லுங்க. கீழ மெஸ் வச்சிருக்கவருகிட்ட ரூம் சாவி இருக்கு. போய்ப் பாக்கச் சொல்லணும்.”

“சொல்றேன் அண்ணி, நீங்க போங்க.”

கடைசிக் கட்டம். மூன்று வெள்ளிக்கிழமையாக அதன் நடுவில்தான் தள்ளப்பட்டிருந்தேன். அன்று என் புத்தி எங்கே போனதோ, நெட்டைத் துண்டித்து ஆஃப்லைனில் போட்டேன். இனி அண்ணனே வந்தாலும் எனக்குத் தெரியாது, வராவிட்டாலும் தெரியாது. அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

சரியாகப் பத்துக்கு வயலிலிருந்து போன். “வந்துட்டாரா தம்பி?”

கோட்டைக் கதவு உடைகிற நேரம்.

“வந்துட்டாரு அண்ணி. இப்பதான் தள்ளி விட்டாரு, அநியாயம் புடிச்ச மனுஷன்!” நம்பட்டும் என்று திட்டு வேறு.

“அப்பாடா,” என்றார் அண்ணி. பின்னால் நடவுப் பெண்கள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பதினொன்றரைக்கு ஜெயித்தேன். நெட்டை இணைத்தேன். என்னை யாரும் தள்ளவில்லை. தூங்கியிருப்பார் என்று சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அவருடைய கணினி கடைசியாக எப்போது இணைந்தது என்று கணக்கில் தேடிப் பார்த்தேன். போன வெள்ளிக்கிழமை. அவருக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மெஸ்காரரை அழைத்தேன். அவர் படியேறுவதும் கதவைத் திறப்பதும் போனில் கேட்டது. பிறகு அண்ணனை இரண்டு தடவை கூப்பிட்டார்.

“ஒடம்பு இன்னும் சூடாத்தான் இருக்கு, தம்பி,” என்றார்.

பத்து மணிக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. இந்தத் தெரியாததை வைத்துக்கொண்டுதான் நான் இன்றும் சோறு தின்கிறேன்.

உடல் வந்து சேரப் பதினொரு நாள் ஆயிற்று. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அண்ணி சொன்னது ஒன்றைத்தான். “அன்னிக்குக் காலையில கூட சந்தோஷமா வெளையாடிக்கிட்டுத்தான் இருந்தாரு. தம்பியைக் கேளுங்க.” எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நான் தலையாட்டுவேன்.

காரியம் முடிந்த மறுநாள் அண்ணி என் அறைக்கு வந்தார்.

“அவரு கடைசியா வெளையாடுனதைக் காட்டுங்க தம்பி.”

திறந்தேன். உடைந்த கதவு, கோட்டை மேல் கொடி.

“இது அவரு புடிச்சதா?”

“ஆமா அண்ணி.”

அண்ணி திரையைத் தொட்டு, விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.