ட்ரோனைப் பார்த்து கூடைக்குள் ஒளிந்த கதை

ஒரு வெட்கக்கேட்டைச் சொல்கிறேன், சிரிக்காமல் படியுங்கள். இன்று காலையில் நான் தேயிலைக் கொழுந்துக் கூடைக்குள் தலையை விட்டுக்கொண்டு, தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுக் கிடந்தேன்.

கொழும்பிலிருந்து ஒரு தம்பி எங்கள் தோட்டத்தைப் படம் பிடிக்க வந்திருந்தார். ரோட்டோரத்தில் பையைத் திறந்து பரப்பினார். பெரிய லென்ஸ், முக்காலி, ஒரு ட்ரோன்.

"அக்கா, மேட்டுக்கு எத எடுத்துக்கிட்டு ஏறலாம்?"

கேமரா கடை வைத்திருப்பவள் மாதிரி நானும் சொன்னேன்: "கனம் கொறஞ்சதா எடுங்க தம்பி. ஒங்க ஒடம்புக்கு அந்த முக்காலிதான் ஒங்களத் தூக்கிட்டுப் போகணும்."

சிரித்துக்கொண்டே ட்ரோனை எடுத்துக்கொண்டார்.

நாங்கள் கொழுந்து பறித்த இடத்துக்கு மேலே சவுக்கு மரத்தில் குளவிக்கூடு இருக்கிறது. போன மாதம் எங்களோடு கொழுந்து பறிக்கும் மலர் அக்காவைக் குளவி கொட்டியதால், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதிலிருந்து அங்கே பேசவே பயம்.

திடீரென்று தலைக்கு மேல் 'ங்ஙொய்' என்று சத்தம்.

"குளவிடீ! படுங்கடீ!" என்று பக்கத்தில் பறித்துக்கொண்டிருந்த ராணி கத்தினாள்.

பறித்த கொழுந்தையெல்லாம் மண்ணில் கொட்டி, கூடையைத் தலையில் கவிழ்த்துப் படுத்துவிட்டேன். எங்களை வேலை வாங்கும் கங்காணி எங்களுக்கு முன்பே தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்திருந்தார்.

"அக்கா, அது என் ட்ரோன்!"

"அத மொதல்ல எறக்குங்க தம்பி! நெசக் குளவி கெளம்பிரும்!"

பதற்றத்தில் அவர் எதையோ அழுத்தினார்.

ட்ரோன் இப்போது அந்தச் சவுக்கு மரத்தில், கூட்டுக்குப் பக்கத்துக் கிளையில் இருக்கிறது. பச்சை விளக்கு இன்னும் எரிகிறது. ஏறி எடுக்க யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள்.