குட்டி பொக்லைனுக்கு ஊற்றிய ஆயில்

இன்று ஓசூரில், பெரிய வண்டிகளுக்கான ஆயில் குழாய் விற்கும் ஹைட்ராலிக் ஹோஸ் கடையில் ஒருவர், ரிமோட்டில் ஓடும், பெரிய வண்டி போலவே ஆயில் பம்பு வைத்த குட்டி பொக்லைனை மேசைமேல் வைத்தார். அதன் கை மேலே எழவில்லை.

இருபது வருடம் பெரிய பொக்லைன் ஓட்டியவர். முதுகெலும்பு தேய்ந்து, இனி வண்டி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, தினமும் காலையில் வீட்டுக்குப் பின்னால் இதை வைத்துத்தான் மண் தோண்டுகிறார்.

கடைக்காரர் ஆயிலை விரலில் தொட்டுப் பார்த்தார்.

"என்னண்ணா, பெரிய வண்டி ஆயிலை ஊத்தியிருக்கீங்க? நம்மூர் குளிருக்கு கூழாட்டம் கெட்டியாயிருக்கு. பம்பு எரிஞ்சே போச்சு."

"நல்ல ஆயிலாச்சே தம்பி. வேற எதையும் ஊத்த கை வரல."

கடைக்காரர் போனில் தேடினார். "இந்த மாடலையே நிறுத்திட்டாங்க. பம்பு கிடைக்காது."

"அப்ப நாளைக்கு எந்திரிச்சு நான் என்ன பண்றது?"

கடைக்காரர் அடுத்தவரின் ஹோஸை அளக்கப் போய்விட்டார். என் முறைக்குக் காத்திருந்த நான் அந்த மாடலின் பெயரைக் குறித்துக்கொண்டேன்.

பம்பு கிடைக்குமிடம் தெரிந்தால் எழுதுங்கள். அவர் கேட்டதற்குப் பதில் தெரிந்தால் இன்னும் நல்லது. எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை.