அணைக்கக் கூடாத சுவிட்ச்

அறையை விட்டு வெளியே வந்தால் என் கை தானாகச் சுவிட்சை அணைத்துவிடும். முப்பது வருடம் காலி வகுப்பறைகளில் லைட்டையும் ஃபேனையும் அணைத்துப் பழகிய கை. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வேன்.

போன வருடம் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறியது. மறைமலை நகர் தொழிற்சாலையில் ஒரு ஷிப்டையே அதட்டி மேய்த்தவர், லைட் போட என்னைக் கூப்பிட வேண்டியிருந்தது. அதுதான் அவரை மிகவும் வாட்டியது.

குரல் கொடுத்தால் எரியும் விளக்குக்காக ராஜகீழ்ப்பாக்கத்தில் கடை கடையாக ஏறி இறங்கினேன். எலக்ட்ரீஷியன் வந்து சுவிட்ச் பெட்டியைக் கழற்றிப் பார்த்தார். பழைய வீடு, உள்ளே நியூட்ரல் வயர் இல்லை, ஸ்மார்ட் சுவிட்ச் ஒத்துவராது என்றார். ஸ்மார்ட் பல்பும், சொன்னதைக் கேட்கும் சின்ன ஸ்பீக்கரும் மாட்டினார்.

"அக்கா, செவுத்து சுவிட்ச மட்டும் ஆஃப் பண்ணிடாதீங்க. பல்புக்கு எப்பவும் கரண்ட் இருக்கணும்."

எனக்கே பாடமா என்று தலையாட்டி வைத்தேன்.

அன்று என் கணவர் குழறலாக "லைட் ஆன்" என்றார். எரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரே வாரத்தில் வாயை மூடிக்கொண்டார். பேச்சுப் பயிற்சிக்கும் வர மறுத்தார். பிடிவாதம் என்று நானும் கடுகடுத்தேன்.

ஒரு மாலை கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அறைக்குள் அவர் மூன்று முறை "லைட் ஆன்" என்பது கேட்டது. ஒவ்வொரு முறையும் ஸ்பீக்கர் ஆங்கிலத்தில் படபடவென்று ஏதோ சொன்னது. உள்ளே போனேன். இருட்டில் உட்கார்ந்திருந்தார்.

"மெஷினுக்குக்கூட நான் பேசறது புரியல," என்றார்.

பல்பிடமிருந்து பதில் இல்லை என்றுதான் அது சொல்லிக்கொண்டிருந்தது. அவர் பேச்சு அதற்கு மூன்று முறையும் புரிந்திருந்தது. சுவரைத் தடவினேன். சுவிட்ச் அணைந்திருந்தது.

"உங்க மேல தப்பே இல்லங்க. நான்தான் ஆஃப் பண்ணிட்டுப் போயிருக்கேன். தினமும் நான்தான்."

எத்தனை மாலைகள் இப்படி உட்கார்ந்திருந்தாரோ. சுவிட்சைப் போட்டு, அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக பிளாஸ்திரி ஒட்டினேன். இப்போது சொல்லிப் பாருங்கள் என்றேன். நம்பாமல் "லைட் ஆஃப்" என்றார். அணைந்தது. "லைட் ஆன்." எரிந்தது. மறுபடி அணைத்தார், மறுபடி போட்டார்.

சுவிட்சில் இப்படி விளையாடிய பிள்ளைகளை எத்தனை தடவை பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன். அன்று கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் ஒரு தடவை சொல்லுங்கள் என்றேன்.