பதினான்கு நன்றியுரைகள்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நான் பெங்களூரில் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். காக்ஸ் டவுனில் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருந்தார். ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையில், ஓர் அறக்கட்டளைக்காக வைட்ஃபீல்டில் ஒரு தியான இல்லத்தை எடுத்து மூன்று நாள் முகாம் நடத்துவார். புற்றுநோய் நுழைந்த குடும்பங்களுக்கான முகாம். நல்ல சாப்பாடு, பாட்டு, மரத்தடியில் விளையாட்டு. மூன்றாம் நாள் காலை நன்கொடையாளர்கள் வருவார்கள். ஒவ்வொரு குடும்பமும் மேடையேறி நன்றி சொல்ல வேண்டும்.

நான் உதவப்போன ஆண்டுக்கு முந்தைய ஆண்டு ஒரு அம்மாள் மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுது, இறக்கிவிட ஆள் தேவைப்பட்டதாம். அதனால் இனி எழுதிவைத்துப் படிப்பது என்று முடிவாகியிருந்தது. தமிழ்க் குடும்பங்கள் பதினான்கு. டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"ஆளுக்கு எட்டு வரி. அழுகை வேணாம். நீங்க பேப்பர்காரரு, சுருக்கமா எழுத வரும்."

பதினான்கு விண்ணப்பங்களையும் என் கையில் கொடுத்தார். ஒவ்வொன்றும் ஒரே தாள், இரண்டு பக்கம்.

ஒன்பதாவது, விவேக் நகர்த் தம்பதியுடையது. கணவர் ஆட்டோக்களுக்கு சீட் தைப்பவர். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து இளவயதில் வந்தவர். மனைவி பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒரே மகள். கணவருக்கு இரைப்பையில் புற்றுநோய், மூன்றாம் கட்டம்.

அது அவருக்குத் தெரியாது. எனக்கு அப்போது தெரியாத இதைப் பின்னால் டீச்சர் சொன்னார். வயிற்றில் அல்சர், அதைக் கரண்ட் வைத்துக் காயவைக்கிறார்கள் என்று மனைவி சொல்லி வைத்திருந்தார். ஆஸ்பத்திரிப் பலகை கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அவருக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். டாக்டர் அறைக்குள் மனைவி முதலில் தனியாகப் போய், அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு வருவார். இந்த முகாமை வருடக் கடைசித் தியானம் என்று சொல்லி அழைத்து வந்திருந்தார். முடி கொட்டிய தலைகளை அவர் பார்த்தபோது, வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு மொட்டை போட்டவர்கள் என்றார். வந்திருந்த குடும்பங்களில் பாதி இதே போல மறைத்துத்தான் வந்திருந்தன. ஆகவே சாப்பாட்டு அறையில் ஒருவரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. ஐந்து மாதமாக அந்த அம்மாள் இதை இப்படித்தான் காத்து வந்தார்.

முதல் நாள் மாலை மரத்தடியில் இருவரையும் பார்த்தேன்.

"என்ன சார், நம்மளப் பேப்பர்ல போடப்போறீங்களா? சொல்லுங்க, ஷேவ் பண்ணிக்கிறேன்" என்றார் கணவர்.

"சும்மா இருங்க" என்று அவரை அடக்கிவிட்டு மனைவி என்னைப் பார்த்தார். "சார், இவரு மனசு நோகாம எழுதுங்க."

"எதுக்கு நோவுது? பொங்கல் கழிஞ்சா கடையத் தொறந்துடுவேன். உங்க ஸ்கூட்டர் சீட்டு பிஞ்சு தொங்குது சார், வரும்போதே பாத்தேன். கொண்டாங்க, தெச்சுத் தரேன்."

நான் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை. தங்கள் ஏழ்மையைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

செய்தி எழுதுகிறவனுக்கு முதலில் கற்றுத் தருவது, என்ன நடந்தது என்பதை முதல் வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும் என்பது. அப்படியே எழுதினேன். மனைவி படிப்பதாக, மனைவியின் வாயில் வைத்து எழுதினேன். பெயர், நோய், பெற்ற உதவி எல்லாம் விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே இருந்தன. பதினான்கில் ஒன்றைக்கூட நான் திருப்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது: நோயாளிக்குத் தெரியுமா? ஒன்பதாவதில், இல்லை என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தது.

மறுநாள் மாலை தாளை மனைவியிடம் கொடுத்தேன். மேலிருந்து கீழ்வரை நிதானமாகக் கண்ணை ஓட்டினார்.

"நல்லா இருக்கு சார்" என்றார்.

அவர் ஏழாவது வரை கன்னடப் பள்ளியில் படித்தவர். தமிழ் பேசுவார், ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. தமிழ்ப் பத்திரிகைக்காரனிடம் அதைச் சொல்லக் கூச்சம். மறைப்பதுதான் மகள் நிரப்பித் தந்த விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறதே, எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பினார்.

மூன்றாம் நாள் முதலில் படித்த எட்டுக் குடும்பங்களும் அந்த வார்த்தை வரும் வரியைத் தாண்டிப் படித்தன; பதற்றத்தில் விடுகிறார்கள் என்று நினைத்தேன். ஒன்பதாவதாக அவர்களைக் கூப்பிட்டார்கள். மேடையில் மனைவி தாளைக் கணவரிடம் நீட்டி, "நீங்க படிங்க" என்றார். அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஷேவ் செய்திருந்தார்.

"என் கணவருக்கு" என்று ஆரம்பித்தார். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். "மன்னிக்கணும், எழுதுனவரு அப்படி எழுதிட்டாரு" என்று என் பக்கம் கையைக் காட்டினார். இன்னும் சிரித்தார்கள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"என் கணவருக்கு இரைப்பையில் புற்றுநோய். அது மூன்றாம் கட்டத்தை அடைந்துவிட்டதாக டாக்டர்கள் சொன்னார்கள்."

மனைவியின் கை தாளுக்குப் பாய்ந்தது. அவர் தாளை மறு கைக்கு மாற்றிக்கொண்டு தொடர்ந்து படித்தார். எட்டு வரியும் படித்தார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "இந்த உதவியை உயிர் உள்ளவரை மறக்க மாட்டோம்" என்பது கடைசி வரி. பலத்த கைதட்டல். அன்று படித்தவர்களில் அவர்தான் அழாமல் படித்தார் என்று நன்கொடையாளர் ஒருவர் டீச்சரிடம் பாராட்டினார். போட்டோகிராபர் ஓடிவந்து, "இன்னொரு தடவ பிடிங்க. பேப்பரக் கொஞ்சம் எறக்குங்க, மூஞ்சி மறையுது" என்றார். அவர் இறக்கிப் பிடித்தார்.

சாப்பாட்டுப் பந்தியில் நான் அவர்களுக்கு எதிரில் உட்கார வேண்டியதாயிற்று. வேறு இடம் இல்லை.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்று மனைவியிடம் கேட்டார்.

"வேளாங்கண்ணிக் கொடியேத்தத்துக்கு முன்னாடியே. அஞ்சு மாசமாச்சு."

"பாப்பாவுக்கு?"

"தெரியும்."

"கடைல?"

மனைவி தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"அப்ப தெரு பூராத் தெரியும். நான்தான் பொங்கலுக்கப்புறம் கடை தொறக்கறேன்னு வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். எல்லாரும் சரி சரின்னு தலையாட்டுனானுங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், மூணாவது கட்டம்னு எழுதியிருந்தீங்க. மொத்தம் எத்தன கட்டம்?"

"நாலு" என்றேன்.

தலையாட்டிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். மனைவி அவர் இலையில் பொரியல் வைக்கப் போனார். இலையின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டார்.

முகாமிலிருந்து அவர் விவேக் நகருக்குத் திரும்பவில்லை. நேராகக் கோலார் தங்கவயலில் இருந்த தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். ஆஸ்பத்திரிக்கும் பிறகு வரவில்லை. மனைவி இரண்டு முறை போனார். இரண்டு முறையும் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். மகளை மட்டும் உள்ளே விட்டார்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கணவர் இறந்துபோனார். டீச்சர் இதைச் சொன்னபோது நான் வேலையில் இருந்தேன். கேட்டுவிட்டு மீண்டும் வேலையைப் பார்த்தேன்.

முப்பதாம் நாளுக்குப் பிறகு அந்த அம்மாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கையில் எங்கள் பத்திரிகை. தங்கை வீட்டார் கொடுத்திருந்த கண்ணீர் அஞ்சலி விளம்பரம் அதில் வந்திருந்தது. ஷேவ் செய்த முகம். முகாமில் எடுத்த படத்திலிருந்து வெட்டியது.

"உங்கமேல கோவமில்ல சார்" என்றார். "இதுல எம்பேரு போட்டிருக்காங்கன்னு பொண்ணு படிச்சுச் சொன்னா. எந்த எடத்துல இருக்குன்னு காட்டுங்க. தொட்டுப் பாத்துக்கறேன்."

வாங்கிப் பார்த்தேன். தங்கை, மைத்துனர், அவர்கள் பிள்ளைகள், மகள். அவ்வளவுதான். ஏதாவது ஒரு பெயரின் மேல் அவர் விரலை வைத்திருக்கலாம். அது ஒரு நொடி வேலை.

"இல்லம்மா, உங்க பேர் இல்ல" என்றேன்.

அவர் பத்திரிகையைத் திரும்ப வாங்கி நான்காக மடித்தார்.

"நான் இங்க வந்தது பொண்ணுக்குத் தெரிய வேணாம் சார். அவ சொன்னத நான் நம்பிட்டேன்னே நெனச்சுக்கட்டும்."