மரிய அந்தோணி அங்கிளின் கராஜ் ஒயின்

மரிய அந்தோணி அங்கிள் கலிஃபோர்னியாவில், சான் ரமோனில் எங்களுக்கு அடுத்த வீடு. சொந்த ஊர் தூத்துக்குடி. இங்கே ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டர். மற்றவர்கள் செய்ததில் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வேலையை அவர் விடுவதில்லை. எங்கள் குப்பைத் தொட்டி தெருவில் நிற்கும் கோணம் சரியில்லை என்று இரண்டு தடவை வந்து சொல்லியிருக்கிறார்.

அவர் குறையே சொல்லாத ஒரே பொருள் அவருடைய ஒயின்.

ஒவ்வொரு வருஷமும் கிறிஸ்துமஸுக்கு அதைச் செய்வார். கறுப்பு திராட்சை, சர்க்கரை, கிராம்பு, ஒரு கைப்பிடி கோதுமை எல்லாம் பெரிய பீங்கான் பரணிக்குள் போகும். பரணி கராஜில் பழைய கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நடுவில் ருசி பார்க்கக் கூடாது என்பது அவர் விதி. பூசை முடிந்து வந்துதான் திறப்பார். அவர் மனைவி ஜூடித் ஆன்ட்டி செய்த பிளம் கேக்கோடு அது எல்லா வீட்டுக்கும் போகும். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்பார்கள். எதை என்று அவர் கேட்டதில்லை.

இந்த வருஷம் மகள் ஜோவானாவுக்குக் கல்யாணம். ரிசப்ஷனில் கேக் வெட்டுவதற்கு முன்னால் எல்லாரும் ஆளுக்கு ஒரு மிடறு ஒயினை உயர்த்தி மணமக்களை வாழ்த்துவார்கள். அந்த மிடறு தன் பரணியிலிருந்துதான் வர வேண்டும் என்று அங்கிள் சொல்லிவிட்டார். மகள் பிறந்த நாளிலிருந்து அவர் நினைத்து வைத்திருந்தது அது. மாப்பிள்ளை வீட்டார் டெக்சாஸ் சுகர் லேண்டிலிருந்து ஐம்பது பேர் வருகிறார்கள், அவர்கள் முன்னால் வேண்டாம் என்றாள் ஜோவானா. ஒரு மாதம் வீட்டில் இதே பேச்சு. கடைசியில் ஒயினுக்குப் பேர்போன நாப்பாவுக்குப் போவது என்று முடிவானது. அங்கே கிடைப்பது தன்னுடையதைவிட நன்றாக இருந்தால் விட்டுக்கொடுப்பதாக அங்கிள் வாக்குக் கொடுத்தார்.

அங்கிள், ஆன்ட்டி, ஜோவானா மூவரையும் ஏற்றிக்கொண்டு கார் ஓட்டியது நான். எனக்குப் பதினெட்டு வயது. இங்கே இருபத்தொன்று ஆகாமல் ஒரு சொட்டுகூட ஊற்ற மாட்டார்கள். அதனால் என்னை எல்லாரும் நம்பினார்கள்.

நாப்பா ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். நாங்கள் போனது கரையை ஒட்டிய ஒரு பழைய கல் கட்டடம். உள்ளே ஏசி போட்டது போலக் குளிர். கூரை வரை மரப் பீப்பாய்கள். அங்கே செய்வது போர்ட் என்ற இனிப்பு ஒயின். பாதி புளித்த ஒயினில் பிராந்தி சேர்த்துப் புளிப்பதை நிறுத்திவிடுவார்களாம். அதனால் இனிப்பு அப்படியே நிற்கும், போதையும் அதிகம். இதையெல்லாம் சொன்னது ஊற்றித் தந்த பெண். அங்கிள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பீப்பாய்களைச் சுற்றி வந்தார்.

"தூசி இருக்கு," என்றார் தமிழில்.

முதல் கிளாஸ் வந்தது. மேசையில் ஒரு சின்ன வாளி. வாயில் வைத்துப் பார்த்துவிட்டு அதில் துப்பிவிட வேண்டும் என்றாள் அந்தப் பெண். அங்கிள் முழுவதையும் விழுங்கினார்.

"அப்பா, ஸ்பிட் பண்ணணும்."

"துப்புறதுக்கு நான் என்ன வெத்தலையா போட்டிருக்கேன்? ஒரு பொண்ணு மதிச்சு ஊத்திக் குடுக்குது. அது முன்னாடியே துப்பச் சொல்றியே."

இரண்டாவதையும் விழுங்கினார். பிறகு பையிலிருந்து ஆரஞ்சு மூடி போட்ட தண்ணீர் பாட்டிலை எடுத்து மேசைக்கு அடியில் திறந்தார். கிராம்பு வாசனை எனக்கே வந்தது.

"அப்பா, சீரியஸ்லி?"

"கம்பேர் பண்ணத்தான்மா. ரெண்டும் பக்கத்துல இருந்தாத்தானே டெஸ்டு."

ஜோவானா பாட்டிலைப் பிடுங்கினாள். "ஓகே. அப்ப ஒழுங்கா பண்ணலாம். கண்ணைக் கட்டிக்கோங்க."

"கட்டு. என் ஒயின் எனக்குத் தெரியாதா? கூட்டத்துல உன் குரல் கேட்டா தெரியுற மாதிரி தெரியும்."

ஊற்றும் பெண்ணிடம் ஜோவானா விஷயத்தைச் சொன்னாள். வெளி ஒயின் உள்ளே வரக் கூடாதாம். ஆனால் மேனேஜர் சாப்பிடப் போயிருக்கிறார், சீக்கிரம் முடியுங்கள் என்று அவளே நான்கு கிளாஸ்களை எடுத்து வைத்தாள். மூன்றில் அவர்களுடையது, ஒன்றில் அங்கிளின் பாட்டிலில் இருந்தது. ஆன்ட்டியின் ஷால் அங்கிளின் கண்ணை மூடியது.

முதலாவதைக் குடித்துவிட்டு, "பரவாயில்ல," என்றார். இரண்டாவதுக்கு முகத்தைச் சுளித்தார்.

"என்னது இது, இருமல் மருந்தா? பிராந்திக்குக் காசில்லாம சர்க்கரையைக் கொட்டிட்டாங்க போல. இதைக் கல்யாணத்துல ஊத்துனா நான் எந்திரிச்சுப் போயிடுவேன்."

ஊற்றும் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்றாவது சுமார். நான்காவதை அவர் மெதுவாகக் குடித்தார். முகம் மலர்ந்துவிட்டது. "இதுதான் என்னுது. எத்தனை பீப்பாய் வச்சு என்ன? பாரு, நிக்குது பாரு நாக்குல."

ஷாலை அவிழ்த்தபோது நாங்கள் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நான் ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா," என்றாள் ஜோவானா. அதற்குள் அவளுக்குப் பாவமாக இருந்தது. "நாலாவது இவங்களோடது. ரெண்டாவதுதான் உங்களுது."

அங்கிள் இரண்டாவது கிளாஸைக் கையில் எடுத்து மோந்தார். மறுபடி ஒரு வாய் குடித்தார். மறுபடியும் முகம் சுளித்தது.

"வீட்டுல இப்படி இருக்காதே," என்று ஆன்ட்டியைப் பார்த்தார்.

ஆன்ட்டி கைப்பையிலிருந்து ஃபாயிலில் சுற்றிய பிளம் கேக்கை எடுத்தார். பசி வந்தால் வேண்டுமே என்று எங்கே போனாலும் கொண்டுவருவார். அங்கிள் ஒரு துண்டைக் கடித்து, மென்றபடியே ஒயினைக் குடித்தார்.

"ஆங். இப்ப சரியா இருக்கு."

"அது கேக்குங்க," என்றார் ஆன்ட்டி. "இத்தனை வருஷமா எல்லாரும் பாராட்டுனது என் கேக்கை."

அங்கிள் கேக்கை முழுவதும் மென்று முடித்தார். நியாயமான மனிதர், அதையும் சொல்ல வேண்டும். "டெஸ்டு ஃபெயிலுன்னா ஃபெயிலுதான்," என்று நான்காவது ஒயினில் மூன்று பெட்டிக்கு ஆர்டர் கொடுத்தார். அந்தப் பெண்ணுக்கும் ஆன்ட்டி ஒரு துண்டு கொடுத்தார். அவள் ரெசிபி கேட்டாள்.

திரும்பி வரும்போது அங்கிள் முன் சீட்டில் உட்கார்ந்தார். வழியில் வாலேஹோ ஊரைத் தாண்டியதும் ஆன்ட்டி பின் சீட்டிலிருந்து சொன்னார்: "வெட்டிங் கேக்குக்குத் திராட்சை, முந்திரியெல்லாம் ஊறப்போடணும். ரம் வாங்கலாம்னு நெனச்சேன். கராஜ்ல உங்க ஒயின் எவ்வளவு மிச்சம் இருக்கு?"

"ஒரு பரணி," என்றார் அங்கிள், திரும்பாமல். பிறகு பின்பக்கம் திரும்பி, "எவ்வளவு நாள் ஊறணும்?" என்றார்.

"கல்யாணம் வரைக்கும்."

அக்டோபரில் கல்யாணம். நாப்பா ஒயினை உயர்த்தி எல்லாரும் வாழ்த்தினார்கள். அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேக் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா இரண்டாவது துண்டுக்குத் தட்டை நீட்டி, "சம்பந்தி, இந்த ருசி எங்கேயிருந்து வருது?" என்று ஆன்ட்டியிடம் கேட்டார்.

ஆன்ட்டி வாயைத் திறப்பதற்குள் அங்கிள் நாற்காலியை இழுத்துப் போட்டு சம்பந்தி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முதல்ல ஒரு நல்ல பரணி வேணும், சம்பந்தி," என்று ஆரம்பித்தார்.