தொடுதலைச் சேர்க்காத மாடல்

அமெரிக்காவில், டாலஸை ஒட்டிய ரிச்சர்ட்சனில் நான் வேலை பார்த்த கம்பெனியில் என் மேலாளரும் சென்னைக்காரர். ஆபீஸில் எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு மட்டும் அங்கிள். அவர் வீட்டுக் கொலுவில் சுண்டல் சாப்பிட்ட நாளிலிருந்து அப்படி. அந்த உறவுமுறையை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

கார்பன் இழை அடுக்குகளை ஒட்டிச் செய்யும் விட்டங்கள்தான் எங்கள் வேலை. உள்ளே ஓர் அடுக்கு பிரிந்துவிட்டால் வெளியே தெரியாது. ஆனால் விட்டம் அதிரும் விதம் மாறிவிடும். அந்த மாற்றத்தைக் கணக்கிடும் மாடலை இராப்பகலாக உட்கார்ந்து எழுதியது நான். அது என் பெயரில் கட்டுரையாக வந்தால் கிரீன் கார்டு விண்ணப்பத்துக்குப் பலம். அதற்காகத்தான் அவ்வளவு பாடும்.

ஒரு மாநாட்டுக்கான கட்டுரையாக வந்தது, அவர் பெயரில் மட்டும். நேரே போய்க் கேட்டேன்.

"அடுத்த பேப்பர்ல உன் பேரைப் போட்டுக்கலாம்மா. நம்ம வீட்டுப் பொண்ணு நீ, இதுக்கெல்லாம் ஃபீல் பண்ணலாமா?"

"அங்கிள், அந்த மாடல் இன்னும் முடியலை. பிரிஞ்ச ரெண்டு லேயரும் ஒண்ணையொண்ணு தொடும்ல, அதை நான் சேர்க்கவே இல்லை."

"அதெல்லாம் சின்ன டீட்டெயில். கான்ஃபரன்ஸ்ல யாரு பார்க்கப் போறா?"

சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. தொடுதலைச் சேர்த்துத் திருத்திய மாடலை யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொண்டேன். ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்காதா?

மாநாடு டாலஸில் நடந்தது. முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். விட்டம் அதிரும் முதல் இரண்டு வடிவங்களை அங்கிள் திரையில் ஓட்டிக் காட்டினார். அழகாக இருந்தன, அவற்றில் குறை தெரியாது என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் அவர் ஓட்டிப் பார்த்ததே இல்லை என்பதும் தெரியும். கேள்வி நேரம் வந்ததும் கையைத் தூக்கினேன். மூன்றாவது வடிவத்தையும் காட்ட முடியுமா என்று ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்டேன்.

காட்டினார். பிரிந்த மேலடுக்கு கீழே வளைந்தது, கீழடுக்கில் முட்டி நிற்காமல் அதை ஊடுருவி மறுபக்கம் வெளியே வந்தது. திரும்ப மேலே போனது, மறுபடி ஊடுருவியது. பேய்கூட இவ்வளவு சுலபமாகச் சுவரைத் தாண்டாது. பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டதுபோல் இருந்தது. பாவம் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

மைக்கை மறந்து, என்னைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டார்.

"என்னம்மா இது? நீ கொஞ்சம் எக்ஸ்ப்ளெயின் பண்ணேன்."

"நான் எப்படி அங்கிள்? பேப்பர்ல உங்க பேர் மட்டும்தானே இருக்கு."