எட்டாம் நாள் வரை பெயரில்லை

அந்த யோசனை தோன்றிய நாளில் அபெனா போகுவா தனக்குத் தானே கைதட்டிக்கொண்டாள். குமாசியில் செவ்வாய்க்கிழமை பிறந்த பெண் அபெனா, வெள்ளிக்கிழமை பிறந்த பையன் கோஃபி. பெற்ற பிள்ளைக்கே கிழமை பார்த்துப் பெயர் வைக்கிற ஊரில் மென்பொருளுக்கு மட்டும் எதற்கு வறட்டு எண்கள்? வெள்ளிக்கிழமை வெளியாவது கோஃபி. அவ்வளவுதான்.

சுவாமே பக்கம், லாரி உதிரிப் பாகங்கள் விற்கும் கடைக்கு மேலே நான்கு பேர் உட்காரும் ஆபீஸ் அவளுடையது. மருத்துவமனை ரத்த வங்கிகளுக்கு அவர்கள் ஒரு மென்பொருள் எழுதியிருந்தார்கள். எந்தப் பிரிவு ரத்தம் எத்தனை பை இருக்கிறது, எது எப்போது கெடும் என்று திரையில் காட்டும். அது ஓடத் தேவையான எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி இணையத்தில் ஒரு பொதுக் கிடங்கில் வைத்துவிடுவார்கள். தொழிலில் அதற்குக் கன்டெய்னர் இமேஜ் என்று பெயர்; ஆபீசில் வெறும் ‘பெட்டி’. மருத்துவமனையில் இருக்கிற மெஷின், பெட்டியின் பெயரைச் சொல்லிக் கேட்டால் கிடங்கிலிருந்து அது வந்து இறங்கும். வாராவாரம் புதுப் பெட்டி வைத்து, கோஃபி என்ற பெயரைப் பழையதிடமிருந்து எடுத்துப் புதியதற்குச் சூட்டுவாள் போகுவா. மெஷின் எழும்போதெல்லாம் போய்ப் புதுக் கோஃபி இருக்கிறானா என்று பார்க்கும்படி கட்டளையும் அவளே எழுதினாள். நாற்பது மருத்துவமனைகள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டன. யாருக்குத்தான் தலை கனக்காது?

யாவ் என்சியாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. கம்பெனியில் அவன் பாதிப் பங்குக்காரன், வாயில் முழுப் பங்குக்காரன்.

“கெஜேட்டியா சந்தையில நின்னு கோஃபின்னு ஒரு சத்தம் குடுத்துப் பாரு. ஐந்நூறு பேர் திரும்புவான். எவன்கிட்ட கடன் கேப்ப?”

“புதுசா இருக்கறவன் வந்தா எனக்குப் போதும்.”

“என் பேரைப் பாரு. என்சியான்னா ஆறாவது பிள்ளை. எனக்கப்புறம் பொறந்தவனுக்கு அந்தப் பேரைத் தூக்கிக் குடுத்துட்டாங்களா? அவன் ஏழாவது. எப்பவும் ஏழாவதுதான்.”

“உங்கம்மா பெத்ததை எண்ணி முடிச்சுட்டியா? போய் வாச்சே சோறு வாங்கிட்டு வா, கடையில ஆறுது.”

சிரித்துக்கொண்டே கடந்து போன பேச்சு அது. அடுத்த வெள்ளிக்கிழமை அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று காலை ஏற்றிய கோஃபியில் ரத்தப் பைகளின் பட்டியலை வேறு விதமாக அடுக்கியிருந்தாள். தன்னிடம் சோதித்தாள், நன்றாக ஓடியது. பிற்பகலில் போன் அடித்தது. கொக்கோத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு சிறிய மருத்துவமனையின் ரத்த வங்கிக்காரர், க்வாபெனா ஒபெங். அவர் கத்தவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

“இன்ஜினியரம்மா, உங்க மெஷின் என் ஃபிரிட்ஜ் காலின்னு சொல்லுது.”

“காலியா?”

“கரன்ட் போச்சு, வந்துச்சு. மெஷின் எழுந்துச்சு. ஒரு பை கூட இல்லைன்னுது. உள்ள பிள்ளை பெத்தவளுக்கு ரத்தம் நிக்கல. நானும் திரையை நம்பிட்டு மூணு ஊருக்குப் போன் போட்டுட்டு உக்காந்திருந்தேன். காலைல ரெண்டு பை என் கையால உள்ள வெச்சது அப்புறம்தான் புத்தியில உறைச்சுது.”

“அந்தம்மா…?”

“இருக்கா. உங்க புண்ணியத்துல இல்ல.”

நடந்தது இதுதான். கரன்ட் போவதற்கு முன் ஓடியவன் ஒரு கோஃபி. எழுந்து வந்தவன் வேறு கோஃபி. பழையவன் எழுதி வைத்த பட்டியலைப் புதியவனுக்குப் படிக்கத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் அவனுக்குத் தெரியவில்லை. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டான். அதே பெயர், அதே நாற்காலி. ஒபெங்குக்கு எப்படித் தெரியும்?

போகுவா பழைய பெட்டிக்கே பெயரைத் திருப்பிக் கொடுத்தாள். தன் மேஜையில் தட்டிய ஒரு சின்னப் பெயர் அத்தனை தூரம் போய் ஒரு ஃபிரிட்ஜின் கதவைச் சாத்தியிருக்கிறது என்பதை அவளால் விழுங்க முடியவில்லை. ஒபெங் ஒரு வாரம் தவணை கொடுத்தார். அதற்குள் ஒழுங்கான பதில் வராவிட்டால் மெஷினைப் பிடுங்கி வராந்தாவில் வைத்துவிடுவார். மற்ற மருத்துவமனைகளுக்கும் சொல்லிவிடுவார். சொல்லத்தான் வேண்டும் என்று அவளுக்கே தோன்றியது.

வாரம் முழுக்க என்சியாவோடு சண்டை. மூன்று எண்கள் போடலாம் என்றான் அவன். பழைய பட்டியல் படிக்க முடியாதபடி மாறினால் முதல் எண் ஏறும். புது வசதி வந்தால் நடு எண். சின்னப் பழுது பார்த்தால் கடைசி எண். அவள் ஒப்புக்கொண்டாள், ஆனால் உள்ளே உறுத்தல் தீரவில்லை. எண் போட்டாலும் பெயர்தானே? நாளைக்கு அவசரத்தில் அந்த எண்ணையே எடுத்து வேறு பெட்டிக்கு ஒட்ட மாட்டாளா? தன்னைத் தனக்குத் தெரியாதா!

வியாழக்கிழமை பஸ் பிடித்து ஒபெங்கிடம் போனாள். அவள் பேச்சை அவர் காதில் வாங்கவில்லை.

“நாளைக்கு விடியக்காலம் அன்னைக்குப் பொறந்த பிள்ளைக்குப் பேர் வைக்கறாங்க. வந்து பாத்துட்டுப் போங்க. அப்புறம் பேசிக்கலாம்.”

விடிந்தும் விடியாத நேரத்தில் அந்த வீட்டு முற்றத்தில் வெள்ளை உடுத்திய சனம் கூடியிருந்தது. எட்டாம் நாள். ஏழு நாளும் பிள்ளைக்குப் பெயர் கிடையாது. அது விருந்தாளி, தங்குமோ, வந்த வழியே திரும்பிவிடுமோ, யார் கண்டது? எட்டாம் நாளும் இருந்தால் நம்முடையது. தாய் அஜெய்வா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் இன்னும் ரத்தம் ஏறவில்லை. பிள்ளையின் அப்பாவுடைய அக்கா குழந்தையை மடியில் கிடத்தி, விரலைத் தண்ணீரில் தொட்டு அதன் நாக்கில் வைத்தாள்.

“தண்ணின்னா தண்ணின்னே சொல்லு.”

பிறகு சாராயத்தில் தொட்டு வைத்தாள். குழந்தை முகத்தைச் சுளித்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

“சாராயம்னா சாராயம்னே சொல்லு.”

மூன்று முறை அப்படிச் சொல்லிவிட்டுப் பெயரைச் சொன்னாள். அஃபுவா டுஃபி. வெள்ளிக்கிழமை பிறந்த பெண் அஃபுவா. கூட்டம் திருப்பிச் சொன்னது.

எத்தனை வீட்டில் பார்த்த சடங்கு! தன் தம்பிக்கே செய்ததைப் பார்த்தவள் போகுவா. ஆனால் அன்று அவளுக்கு மெய்சிலிர்த்துப் போயிற்று. எட்டு நாள் பொறுத்து, இருக்கிறது என்று உறுதியான பின் ஒரு பெயர் வைத்து, இனி இது இவள்தான், வேறு யாருமில்லை என்று ஒரு ஊரே சேர்ந்து சொல்கிறது. ஒபெங் அந்த நேரத்தில் ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்த முற்றத்தில் இன்று சிரிப்பு இருந்திருக்காது. அவள் அழுதுகொண்டே அஜெய்வாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“அன்னைக்கு ரத்தம் இல்லைன்னு சொன்ன மெஷின் என்னோடது.”

அஜெய்வா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “எதுக்குப் பொய் சொல்லிச்சு?”

“பொய் சொல்லலை. அதே பேரோட வேற ஒருத்தன் வந்து நின்னுட்டான். அனுப்பினது நான்தான்.”

அஜெய்வா நாத்தனார் மடியிலிருந்து குழந்தையை வாங்கி, சற்று நேரம் வைத்திருந்து, போகுவாவின் கையில் கொடுத்தாள். அந்தச் சின்ன உடம்பின் சூடு உள்ளங்கையில் இறங்கியது.

அன்று மாலையே ஆபீசில் சட்டம் போட்டாகிவிட்டது. புதுப் பெட்டிக்கு ஏழு நாள் பெயரில்லை; விருந்தாளி. ஒபெங்கின் அறையில் ஓரமாக இருக்கும் பழைய மெஷினில் மட்டும் அது ஓடும், அவர் அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பார். எட்டாம் நாளும் ஒழுங்காக இருந்தால் என்சியாவின் மூன்று எண்கள். வைத்ததும் கிடங்கில் பூட்டு. அந்த எண்ணை அவளே நினைத்தாலும் எடுத்து வேறொன்றுக்குச் சூட்ட முடியாது. பெட்டி மோசமாகப் போனால் அடுத்த எண்ணோடு வேறு பெட்டி பிறக்கட்டும். கோஃபியை அழிக்க முடியவில்லை, இன்னும் எத்தனையோ மெஷின்கள் அவனைத்தான் கூப்பிடுகின்றன. அவனையும் இருந்த இடத்திலேயே பூட்டினாள். இனி ஒரே கோஃபிதான்.

“ஆறாவது பிள்ளை சொன்னா யாரு கேக்கறா,” என்றான் என்சியா.

“வாயை மூடிட்டு எண்ணைப் போடு.”

மழைக்காலத்தில் ஒருநாள் மத்தியானம் போன் அடித்தது. ஒபெங்.

“கரன்ட் போய் வந்துச்சு மேடம். மெஷின் இப்பத்தான் எழுந்திருக்கு.”

போகுவா நாற்காலியை விட்டு எழுந்தாள். “யாரு வந்திருக்கா?”

ஃபிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பைகளை ஒவ்வொன்றாகத் திரையோடு ஒப்பிட்டு அவர் முணுமுணுப்பது கேட்டது. கதவு மூடியது.

“போனவனேதான் வந்திருக்கான்,” என்றார் ஒபெங்.